9402-க்கு எதிரே எழுதிய வரி

நான் செய்த அந்தப் பக்கம் மிகச் சாதாரணமானது. ஒரு பெட்டியில் போர்ட் எண்ணைத் தட்டினால், எங்கள் ஆஸ்பத்திரியில் அது எதற்குப் பயன்படுகிறது என்று சொல்லும். கம்ப்யூட்டருக்குள் தகவல் வந்துபோகிற வாசல்களுக்குத்தான் போர்ட் என்று பெயர். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, யாருக்கும் நினைவில் நிற்காது. எனக்கு நிற்கும். திருத்தணி மலையடிவாரத்தில், அந்த ஆஸ்பத்திரியின் ஒரே கம்ப்யூட்டர் ஆள் பதினெட்டு வருடமாக நான்தான்.

பிறர் வசதிக்காகச் செய்யப்போய் என் வாயில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன். புதிதாகச் சேர்ந்த சினேகாவை வைத்துக்கொண்டே மேனேஜர் குணசேகரன் சொன்னார்: "எல்லாந்தான் இந்தப் பேஜ்லயே இருக்குதே எலியாஸ். அத்தப் பாத்துக்கினு அந்தப் பொண்ணே செஞ்சிடும். நீங்க மாசக் கடைசியோட நின்னுக்கங்க."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த ஊரில் என் வேலைக்கு வேறு இடம் இல்லை. மனைவி மனோன்மணியிடம் சொல்லத் தைரியமில்லாமல் பதினோரு நாள் சோறு இறங்காமல் திரிந்தேன். பயம் ஐயா, வெறும் பயம்.

அப்போது, தேவையில்லாத போர்ட்களை மூடும் வேலை சினேகாவுக்கு வந்தது. நான் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். ஐ.சி.யு. மானிட்டர்களின் அலாரம் 9402 வழியாகத்தான் நர்ஸ் மேசைத் திரைக்குப் போகும். நோயாளிகள் தூங்கட்டும் என்று கட்டிலருகே சத்தத்தைக் குறைத்தே வைப்பார்கள். அந்த யோசனையும் என்னுடையதுதான். 9402-க்கு எதிரே 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதிவிட்டு மறுநாள் லீவு போட்டேன். மேசைத் திரை நிற்கும், பக்கத்தைப் பார்த்தால் காரணம் தெரியாது, என்னைக் கூப்பிடுவார்கள், போய் இரண்டு நிமிடத்தில் சரிசெய்வேன் என்பதுதான் கணக்கு.

சினேகா பொறுப்பான பெண். காலையில் போன் செய்து கேட்டாள். "சார், 9402 இங்க யூஸ் ஆவலன்னு போட்டிருக்குது. மூடிடவா?"

"ஆங், போட்டிருக்கிறபடி செய்ம்மா" என்றேன்.

பத்து நிமிடம் கழித்து மறுபடி அவள் எண். அப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். எடுக்கவில்லை. இரண்டாவது முறை நர்ஸ் புவனா. எட்டுக் கட்டிலுக்கு அவள் ஒருத்தி. அதையும் எடுக்கவில்லை. மூன்றாவதும் சினேகா. கை கழுவிவிட்டுக் காபி சொன்னேன்.

பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்கிற பெருமாள் ஏழாம் கட்டிலில் இருந்தார். மூன்றாவது அழைப்பு வந்தபோது அவருக்கு உயிர் இருந்தது என்று டாக்டர் சொல்கிறார். இருந்திருக்கலாம்.

நான்காவது அழைப்பு குணசேகரனுடையது. எடுத்தேன். "எலியாஸ், உடனே வாங்க. நீங்க இல்லாம இங்க ஒண்ணும் ஆவாது" என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் யாரையும் கொல்லவில்லை ஐயா. அவர் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான்.