அரசப்பன் வண்டி

உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருக்கிற வேப்பமரத்தில் காக்கா அதிகம் மேடம். வந்து உட்கார்ந்த பத்து நிமிடத்தில் ஏழு எண்ணிவிட்டேன். அந்த மரத்துக்கு நேர் கீழேதான் மோகன்ராஜ் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். காக்கா எச்சம் ஒரு நாள் வெயிலில் காய்ந்தால் போதும், பெயிண்டில் வட்டம் விழுந்துவிடும். அது எண்பத்தொன்றில் கம்பெனியிலேயே அடித்த மெரூன். அந்தக் கலரை இனிமேல் யாரும் கலக்கப் போவதில்லை. ஒரு தார்ப்பாய் போடச் சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள். மெதுவாகச் சொல்கிறேன். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

பெயர் குப்புராஜ், வயது ஐம்பத்தெட்டு. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் இரும்பில் துளை கடைகிற போரிங் மெஷினில் நின்றவன். இப்போது வீட்டுக் காம்பவுண்டுக்குள் ஷீட் போட்டு, பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குகளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். மனைவி பதினோரு வருடமாகத் திருவாலங்காட்டில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். மண்ணெண்ணெய் வாசனை பிடிக்கவில்லை என்று போனாள். ஊரில் வேறு மாதிரி சொல்வார்கள், நம்ப வேண்டாம்.

பைக் பிரிக்கிறவனுக்குக் கைதான் வேலையில் இருக்கும். கண்ணும் காதும் தெருவில் கிடக்கும். எந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு ஊத்துக்கோட்டை பஸ் ஏறினாள், சர்க்கரை வியாதிக்காக வாக்கிங் போகிறவர் மூலைக் கடையில் எத்தனை போண்டா தின்றார், எல்லாம் எனக்கு வந்துவிடும். யாரும் கேட்க வேண்டியதில்லை, நானே சொல்லிவிடுவேன். தெருவில் எனக்குத் தந்தி ஆபீஸ் என்று பெயர். உங்கள் ரைட்டர் நேற்றுதான் மீசைக்கு மை அடித்திருக்கிறார், காது ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. பழக்கதோஷம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மோகன்ராஜ் எனக்குப் பக்கத்து வீடு. அந்த யெஸ்டி பைக் அவன் அப்பா அரசப்பன் வாங்கியது. தெருவில் இன்றைக்கும் அதற்கு அரசப்பன் வண்டி என்றுதான் பெயர். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. மகன் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவன்; அவனுக்கு அது வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஒரு சாமான். நான்தான் கேட்டு வாங்கி என் ஷீட்டுக்கடியில் நிறுத்தினேன். இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஸ்பீடோமீட்டர் எளாவூரில் ஒரு ரைஸ்மில்காரர் பரணில் கிடைத்தது. அதற்காக அவருடைய மூட்டு வலியைப் பற்றி நான்கு ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டியிருந்தது. சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒன்றேதான் மேடம், கம்பெனியில் ஒன்றாகப் பிறந்தவை. இந்த ஜில்லாவில் அப்படி இன்னொன்றைக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மோகன்ராஜ் போனை நீட்டிக்கொண்டு வந்தான். அதில் ஒரு யெஸ்டி. யெஸ்டியாக இருந்த ஏதோ ஒன்று. பின்பக்கச் சேஸிஸை அறுத்து, பலகை மாதிரி ஒரு சீட்டு வைத்து, மட்கார்டைக் கழற்றிவிட்டு, மொத்தத்துக்கும் தார் மாதிரிக் கருப்பு அடித்திருந்தார்கள்.

"இன்னா லுக்கு பாருண்ணே. மெட்ராஸ்ல ஒருத்தன் பண்றான். திங்கக்கெழம காத்தால நானே ஓட்டிக்கினு போய் வுட்டுட்டு வந்துடறேன். அதுக்குள்ள ஓட்ற மாதிரி ரெடி பண்ணிக் குடு."

உன் நைனா வண்டிடா, அறுக்க வேண்டாம், அப்படியே எனக்குக் கொடுத்துவிடு என்று கேட்டேன்.

"நைனா ஓட்னதெல்லாம் நைனாவோட போச்சுண்ணே. நீ இன்னா, பொண்ணக் கட்டிக் குடுத்து அனுப்ற மாதிரி மூஞ்ச வச்சிக்கினு கீற?"

அவன் மனைவி நர்மதா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்குதான்.

எனக்குக் கோபம் எதுவும் வரவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். உட்கார்ந்து யோசித்தேன். அறுத்த சேஸிஸைத் திரும்ப வெல்டிங் வைக்கலாம், ஆனால் அது பழைய சேஸிஸ் ஆகாது. ஆளுக்கு அடிபட்டால் பிளேட் வைக்கிறார்கள், ரத்தம் ஏற்றுகிறார்கள், ஆறு மாதத்தில் நடந்து வருகிறான். இரண்டில் எதைச் சரிசெய்ய முடியாது என்று பார்த்தால் யாருக்கும் விளங்கும். ஒருமுறை விழுந்து எழுந்தால் பயந்துபோய் வண்டியை என்னிடமே விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை இன்ஜினைப் பிரித்தேன். அதனுடைய சொந்த பேரலையும் பிஸ்டனையும் துடைத்து, எண்ணெய் தடவி, மெழுகுத் தாளில் சுற்றி பீரோவின் கீழ்த் தட்டில் வைத்தேன். சாவி இந்தாருங்கள். எடுக்கிறவர்கள் இரண்டு கையாலும் எடுக்கட்டும். அது இருந்த இடத்தில் காயலான் கடை பேரல் ஒன்றைப் போட்டேன். அதற்குள் ஓடுகிற பிஸ்டன் மட்டும் புதிது. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பிஸ்டன் சூடானால் உப்பும். அது உப்புவதற்கு மயிரிழை இடைவெளி விட வேண்டும். நான் அதில் பாதிதான் விட்டேன். நாற்பதில் போனால் தாங்கும். அறுபது, எழுபதில் போனால் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் தாங்கும். அப்புறம் பேரலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற ஓட்டத்தில் இன்ஜின் நின்றால் பின்சக்கரமும் நின்றுவிடும். சனிக்கிழமை இரண்டு பக்கமும் லெக்கார்டு கம்பி மாட்டினேன், வண்டி சாய்ந்தால் டேங்க் தரையில் படக் கூடாது.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. எதிர்வீட்டு ஜானகியம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுகிற மாதிரி மூன்று தடவை சொன்னேன். புது பிஸ்டன், ஐந்நூறு கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டாதே என்று. போய்க் கேட்டுப் பாருங்கள், சொல்வாள். மோகன்ராஜ் எப்படிப்பட்டவன் என்பதும் அவளுக்குத் தெரியும். மூடின ரயில்வே கேட்டுக்கடியில் குனிந்து போகிறவன். டாக்டர் உப்பைக் குறை என்றதற்கு அன்றைக்கே கருவாடு வாங்கி வந்தவன். அவனிடம் நாற்பது என்றால் எழுபது என்று அர்த்தம். அது அவன் சுபாவம் மேடம், நான் கற்றுக்கொடுத்ததில்லை.

இன்னொன்று உண்டு. டூ ஸ்ட்ரோக் ஓட்டிப் பழகினவர்கள் இரண்டு விரலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பார்கள். இன்ஜின் பிடித்தால் அந்த நொடியே கிளட்சை அழுத்திவிட்டால் சக்கரம் தப்பிக்கும், ஆளும் தப்பிப்பான். அரசப்பன் கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான் ஓட்டுவார். ஸ்கூட்டர் ஓட்டினவனுக்கு அது தெரியாது. அதை நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

கிளம்புகிற நேரத்தில் அவன் மகள் நந்தினி, ஏழு வயது, நானும் வருவேன் என்று பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான்தான் இறக்கிவிட்டேன். புது இன்ஜின், டபுள்ஸ் ஆகாது என்றேன். அழுதாள். அப்படியும் ஏற விடவில்லை. நான் கெட்டவன் இல்லை என்பதற்கு இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிடம் கழித்து என் மொபெட்டில் பின்னாலேயே போனேன். பெருவாயல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கிடந்தான். நான் ஒன்பது கிலோமீட்டர் என்று நினைத்தது எட்டரையிலேயே ஆகிவிட்டது. ரோட்டு நடுவில் இருக்கிற தடுப்புக் கட்டையில் மோதித் தொடை கிழிந்திருந்தது. வண்டி இடதுபக்கமாகச் சாய்ந்து, லெக்கார்டு மேல் நின்றிருந்தது. ஆனால் டேங்க் மூடி வழியாகப் பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. பழைய பெயிண்டில் பெட்ரோல் நின்றால் கொப்பளித்துவிடும். முதலில் வண்டியை நிமிர்த்தினேன்.

"அண்ணே, கால பாருண்ணே" என்றான்.

இருடா வரேன் என்றேன். பெட்ரோல் டேப்பை மூடி, வண்டியை ஓரமாகத் தள்ளி, ஸ்டாண்டு போட்டேன்.

"வண்டிய அப்பறம் பாத்துக்கலாம்ண்ணே" என்றான். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான்.

தோளில் ஒரு நீளத் துணி இருந்தது. அதை எடுத்து டேங்கைத் துடைத்தேன். மெரூனை ஒரே பக்கமாகத் துடைக்க வேண்டும், சுற்றித் துடைத்தால் கோடு விழும், அதனால் கொஞ்ச நேரம் பிடித்தது. ஷேர் ஆட்டோவில் வந்தவர்கள், பெரியவர் சமயத்தில் பெட்ரோலை மூடினார், இல்லாவிட்டால் பற்றிக்கொண்டிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள்தான் ஆம்புலன்ஸுக்கும் போன் செய்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் மோகன்ராஜ் இறந்துவிட்டான். முதலிலேயே தொடையை யாராவது ஒரு துணியால் இறுக்கிக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் நர்மதாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். துணி அப்போதும் தோளில்தான் இருந்தது.

பழைய வண்டி, இன்ஜின் கோளாறு, அதிவேகம் என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. பந்தலுக்கு நான்தான் சொன்னேன். பதினாறாம் நாள் வரைக்கும் வந்தவர்களுக்குக் காபியும் நான்தான். காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நர்மதாவிடம் வண்டியைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தேன். கேஸ் முடிந்து வெளியே வந்தால் நானே வைத்துக்கொள்கிறேனே என்று.

"அந்தச் சனியன் இந்தத் தெருவுல நுழையக் கூடாதுண்ணே. ஒங்களுக்கும் குடுக்க மாட்டேன். அத்த ஓட்டிக்கினு போய் நீங்களும் ரோட்டுல கெடக்கணுமா? இரும்புக் கடைல சொல்லிட்டேன். என் கண்ணு முன்னால கட்டர் வச்சி அறுக்கணும்."

பின்பக்கச் சேஸிஸை மட்டும் அவன் அறுக்க நினைத்ததற்கே இவ்வளவு செய்தேன். இவள் முழுதாக அறுக்கப் போகிறாள். ஒரு வாரமாகத் தினம் போய் உட்கார்ந்து, வண்டி மேல் தப்பில்லை நர்மதா என்று சொல்லிப் பார்த்தேன். ரோட்டைச் சொன்னேன், வேகத்தைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்று காலை காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"பின்ன யாரு மேலண்ணே தப்பு?"

அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். காபியைக் குடித்துவிட்டு நேராக இங்கே வந்தேன்.

எழுதிக்கொண்டீர்களா மேடம்? பேரலை வேண்டுமென்றே இறுக்கிப் போட்டது நான். அவன் செத்தது என்னால். எந்த இடத்தில் சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன், கோர்ட்டிலும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு உதவி. நர்மதாவிடம் நீங்களே நேரில் போய் இதை எடுத்துச் சொல்லுங்கள். விஷயம் தெரிந்தால் வண்டி மேல் இருக்கிற வருத்தம் அவளுக்குப் போய்விடும். நல்ல பெண். எனக்கே கொடுத்துவிடுவாள்.