குழாய் வைக்காத ஏழு பேர்

சைக்கிள் ஹாண்டில்பாரில் க்ரிப் போடாமல் ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். சின்னச் சாமான்தான். ஆனால் விழுந்தால் அந்த வெறும் இரும்பு நேராக வயிற்றில் இறங்கும்.

தாம்பரத்தில் என் நர்ஸிங் ஹோமுக்கு எண்பதுகளில் அப்படி வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் வருவார்கள், இன்ஸ்பெக்டர். இடது சிறுநீரகமும் கணையமும் சேர்ந்து கிழிந்திருக்கும். சிறுநீரகம் தொந்தரவில்லை, எடுத்துவிட்டால் தீர்ந்தது. கணையம் கசிந்தால் அந்த நீர் பக்கத்துச் சதையையே அரித்துத் தின்னும். அதனால் ஒரு ரப்பர் குழாய் வைத்து நீரை வெளியே எடுப்பார்கள். வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் ஒழுங்காக எண்ணிப் பார்த்ததில்லை. பத்தோடு பதினொன்றாக இருக்க எனக்கு ஆகாது. ஒருவருக்கு வைத்தேன், அடுத்தவருக்கு வைக்கவில்லை.

ஊரப்பாக்கம் குப்புராஜ் வைக்காத வரிசையில் வந்தான். பெயின்டர், முப்பது வயது. கணையத்தில் கிழிசலைக் கண்ணால் பார்த்தேன். நர்ஸ் அருள்மேரி குழாயை நீட்டினாள். தேவையில்லை என்று சொல்லி, சிறுநீரகத்தை மட்டும் எடுத்துவிட்டு அழகாகத் தைத்து மூடினேன்.

நான்காம் நாள் அவன் மனைவி சரசு வார்டு வாசலில் என்னை நிறுத்தினாள்.

"சார், வயிறு கல்லாட்டம் கீது. வலி தாங்காம தலகாணிய கடிக்கிறாரு. தொறந்து பாத்தீங்களே, உள்ள இன்னா சார் இருந்துச்சு?"

"கிட்னிதாம்மா போச்சு. எடுத்தாச்சு."

"இன்னொரு வாட்டி தொறந்து பாருங்க சார். கால்ல வுழறேன்."

திறந்து குழாய் வைத்திருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பான். ஆனால் அப்புறம் அவனை எந்தப் பக்கம் சேர்ப்பது? பொறுத்துப் பார்க்கலாம் என்றேன். காலையும் மாலையும் நானே போய் வயிற்றை அழுத்தி, எங்கே தொட்டால் கத்துகிறான் என்று குறித்துக்கொண்டேன். ஒரு பெயின்டருக்கு வேறு எந்த டாக்டர் அவ்வளவு கவனம் கொடுப்பார்? பதினோராம் நாள் போய்விட்டான். எனக்கும் வருத்தம்தான். பதினைந்து நாள் குறிப்பு எடுக்க நினைத்திருந்தேன்.

குழாய் வைத்த ஏழு பேரில் ஆறு பேர் பிழைத்தார்கள். வைக்காத ஏழு பேரில் ஒருவரும் இல்லை. கட்டுரையாக எழுதி ஒரு மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பினேன். எண்ணிக்கை போதாது என்று திருப்பிவிட்டார்கள்.

நியாயமான பதில்தான். தொண்ணூற்றைந்துக்குள் இன்னும் ஐந்து பேரைக் குழாய் வைக்காமல் மூடினேன். உங்கள் பட்டியலில் அவர்கள் இல்லை, சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஐந்து பேரை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள். போதாது என்று சொன்னது அந்தப் பத்திரிகைக்காரர்கள்.