ஜாயிண்ட் தெரியக் கூடாது

கேக்குக்கு ஐசிங் தடவத் தெரிஞ்சவளுக்கு எப்பாக்சி பூசறது பெரிய வித்தை இல்லீங்க மேடம். ஏலாக்குறிச்சி பக்கம் கல்யாணமோ புதுநன்மையோ, கேக்கு எங்க வூட்டுலேருந்துதான் போவும். ஆனி ரோசுன்னு கேட்டா யாரும் வழி காட்டுவாங்க.

எங்க வூட்டுக்காரர் ஆரோக்கியசெல்வம் துபாய்ல மரப்படகு கட்டுற பட்டறையில இருந்தவர். எங்க கல்யாண வாழ்க்கை பாதி போன்லயே போயிடுச்சு. போன வருஷம் ஒரேயடியா வந்துட்டேன்னு பெட்டியை எறக்கினப்ப, தெருவுக்கே கேசரி கிண்டிக் குடுத்தேன்.

வந்தவருக்குக் கை சும்மா இருக்கல. கொட்டகையில சின்னதா ஒரு படகு கட்ட ஆரம்பிச்சார். பிளைவுட்டை வெட்டி, செம்புக் கம்பியால தச்ச மாதிரி கட்டி, சேர்ற மூலையில எப்பாக்சிங்கற பசையைப் பூசணும். ரெசினையும் அதை இறுக வைக்கிற ஹார்டனரையும் எடை போட்டுக் கலக்கி, டப்பா ஓரத்தையும் வழிச்சுவிட்டு, மரத்தூளைச் சேர்க்கணும். கரண்டியில எடுத்தா விழாத பதம். நம்ம வெயிலுக்கு டப்பாவுலயே வச்சிருந்தா சூடேறிப் புகைஞ்சுடும், தட்டுல பரப்பிடணும். ரெண்டு ஓரமும் டேப் ஒட்டி, ஒரே இழுப்பா இழுக்கணும். நடுவுல நிறுத்தினா தழும்பு விழும். இறுகறதுக்கு முன்ன டேப்பை உரிச்சுடணும்.

துபாய்ல அவர் மரம் அறுக்கிற ஆளு, பூசறதுக்கு வேற ஆளாம். அதனால அவர் இழுத்தா மேடும் பள்ளமுமா வந்துச்சு. நான் என் ஐசிங் கத்தியை எடுத்தேன். தடவிப் பார்த்துட்டு, "ஏ ரோசு, ஜாயிண்ட் எங்க இருக்குன்னே தெரியலையே"ன்னு சிரிச்சார். மத்தியானம் கொட்டகையிலேயே உக்காந்து ஒரே தட்டுல சாப்பிடுவோம். அப்படி ஒரு காலம் எனக்கு அமைஞ்சதே இல்ல.

அப்புறம் கொச்சியிலேருந்து அவரோட சிநேகிதர் சாம் போன் பண்ணினார். படகு தண்ணியில ஓடுற வீடியோ அனுப்பு, எங்க முதலாளிக்குப் பிடிச்சா உடனே வேலைன்னார். "மாசம் ஒருக்கா வந்துடுவேன் ரோசு"ன்னார் இவர். சரிங்கன்னேன். நான் எதுக்கும் குறுக்க நின்னதில்ல மேடம்.

அடிப்பக்கத்து நடு ஜாயிண்ட் மட்டும் பாக்கி. ஹார்டனரைக் கால்வாசிதான் ஊத்தினேன். அப்படிக் கலந்தா என்னிக்கும் இறுகாது, பிசுபிசுன்னே கெடக்கும். அது மேல, சரியாக் கலந்ததை மெல்லிசா ஒரு பூச்சு. மறுநாள் சுண்டிப் பார்த்தவர், கல்லு மாதிரி இருக்குன்னு என் கையில முத்தம் குடுத்தார்.

கொஞ்சம் தண்ணி ஏறும், ஊரு சிரிக்கும், கொச்சி வேலை போயிடும். நான் நெனச்சது அவ்வளவுதான். அப்பப் பார்த்து மேட்டூர்ல தண்ணி தொறந்துட்டாங்க. கொள்ளிடத்துல எறங்காதீங்கன்னு மைக்ல சொல்லிட்டுப் போனாங்க. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னுதான் அவர் சொன்னார். ஆறு நெறைஞ்சு ஓடறப்ப எடுத்தாத்தாங்க வீடியோ எடுப்பா இருக்கும்னு சொன்னது நான். லைஃப் ஜாக்கெட்டையும் அன்னிக்குக் காலையில துவைச்சுக் காயப் போட்டுட்டேன். அழுக்கா இருந்துச்சு. நாலு பேர் பார்க்கற வீடியோ இல்லீங்களா. அவருக்கு நீச்சல் வராது. படகு கட்டுறவங்கள்ல பாதிப் பேருக்கு வராதாம்.

வீடியோ நான்தான் எடுத்தேன். நீங்களும் பார்த்திருப்பீங்க. கை ஆடவே இல்ல.

படகு பொளந்து முங்கினவரை மீன் புடிக்கிறவங்க இழுத்துப் போட்டாங்க. மூச்சு திரும்புச்சு. பேச்சும் நடையும் திரும்பல. பார்க்க வந்த சாம் உடைஞ்ச படகோட நடு ஜாயிண்டை நகத்தால அழுத்தியிருக்கார், நகம் உள்ள போயிடுச்சு. உங்க போலீஸ் ஸ்டேஷன்ல வந்து சொன்னது அவர்தான்னு தெரியும், கோவமில்ல. ஹார்டனரைக் குறைச்சது நான்தான். தெரிஞ்சே ஆத்துல எறக்கிவிட்டதும் நான்தான். எழுதிக்குங்க.

ஆனா இதையும் சேர்த்து எழுதுங்க. இப்ப நாங்க ரொம்ப நல்லா இருக்கோம். மூணு வேளையும் ஊட்டறது நான்தான். சாயங்காலமானா சக்கர நாற்காலியில மாதா கோயிலுக்குத் தள்ளிட்டுப் போவேன். ஊர்க்கதை பூரா சொல்லுவேன், முழுசாக் கேட்பார். முன்னல்லாம் பாதியில போன் கட்டாயிடும். நான் பக்கத்துல உக்காந்தாலே அவர் கண்ணுலேருந்து தண்ணி வழியுதுன்னு வூட்டுக்கு வர்ற நர்சம்மா பயப்படுது. சின்னப் பொண்ணு, இன்னும் கல்யாணம் ஆகல. சந்தோசத்துலயும் கண்ணுல தண்ணி வரும்னு அதுக்கு எங்க மேடம் தெரியும்.