நாற்பது பேர் என்றேன்

பழைய கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு மாற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை சார். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும். எனக்குப் பொறுமை எப்போதுமே உண்டு.

எங்கள் கான்ட்ராக்டரின் டைம் ஆபீஸ் திறந்தவெளிச் சுரங்கத்தின் விளிம்பில் ஒரு தகர ஷெட். ஆட்களின் வருகையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. 2012 ஜூலையில் அது உயிரை விட்டது. திறந்தால் உள்ளே நிலக்கரித் தூள் மெத்தைபோலப் படிந்திருந்தது. போர்டில் நாலைந்து கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்திருந்தன. புதிது கேட்டேன். கான்ட்ராக்டர் சிரித்தார். பண்ருட்டியில் அதே மாடல் போர்டு ஒன்றைப் பழசாகத் தேடிப் பிடித்தேன்.

மாற்றும்போது கூட இருந்தவன் நல்லசாமி. சைக்கிள் பம்பால் தூசியை ஊதினான். கழற்றிய ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றான். நாங்கள் ஒரே நாளில் கான்ட்ராக்டில் சேர்ந்தவர்கள். அந்த மாதம் பர்மனென்ட் லிஸ்ட் வர இருந்தது. எங்களில் ஒரே ஒருவருக்குத்தான் இடம். அதிக நாள் டியூட்டி பார்த்தவருக்கு. நல்லசாமி என்னைவிடப் பதினொரு நாள் கூட.

போர்டை மாட்டி ஆன் செய்தேன். ஒரு பீப். திரையில் தேதி 2003 ஜனவரி ஒன்று. கடிகாரம் அழிந்த போர்டுக்கு நாம் சொல்வதுதான் இன்றைய தேதி. எங்கள் புரோகிராமில் அன்றைய வருகையை மட்டுமே திருத்த முடியும், நேற்றையது பூட்டிக்கொள்ளும். தேதியில் யாரும் கை வைக்காதபடி கான்ட்ராக்டர் பழைய போர்டில் பாஸ்வேர்டு போட்டிருந்தார். அது போர்டோடு போயிற்று.

நல்லசாமி டீ வாங்கப் போயிருந்தான். தேதியை 2008 நவம்பருக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு நாளாகப் பன்னிரண்டு நாள் அவன் வரவில்லை என்று ஆக்கினேன். டீ வந்தபோது தேதி சரியாகிவிட்டிருந்தது.

ஏன் அந்தப் பன்னிரண்டு நாள் என்று கேட்டீர்கள். எனக்கு மனப்பாடமான நாட்கள் அவை. என் மனைவி கண்ணகி பிரசவம் சிக்கலாகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது நானும் கீழே குழியில்தான் வேலை. நல்லசாமி முதல் ஷிப்ட் தன் பெயரிலும் இரண்டாம் ஷிப்ட் என் பெயரிலும் பார்த்தான். எங்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் உண்டு. என் பெயரில் பார்த்ததை நான் தொடவில்லை. அதற்கு அவசியமில்லை.

லிஸ்ட் ஒட்டியதும் வந்தான். முகத்தில் கோபம் இல்லை.

"பன்னெண்டு நாளு கொறையுதுப்பா. புது ஆத்தா வந்தா மூத்தா புள்ளைக்குச் சோறு கொறையும்னு சும்மாவா சொன்னாங்க" என்று கம்ப்யூட்டரின் தலையில் தட்டினான். சம்பளச் சீட்டெல்லாம் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, வியாழக்கிழமை எடுத்து வருகிறேன் என்றான். ஆட்சேபனைக்குச் சனிக்கிழமை கடைசி.

வியாழன் காலை, சீட்டைத் தேடி எடுக்கத் தாமதமாகி, ஆட்களை ஏற்றிய வண்டி போன பிறகு வந்தான். சம்பளச் சீட்டுக் கட்டை என் மேஜையில் வைத்தான்.

"நீயே பாத்து ஏத்திடு சிகாமணி. நான் நடந்துகினே எறங்கிடறேன்."

அவன் பெயருக்கு அன்றைய வருகையைப் போட்டேன். முந்தின நாள் மழையில் ஊறிய சரிவுப் பாதையில் தனியாக இறங்கினான்.

ஒன்பது மணிக்கு அந்தச் சரிவில் மண் பெயர்ந்து விழுந்தது. எங்கள் வழக்கம் என்னவென்றால், மண் சரிந்தால் முதலில் தலை எண்ணுவார்கள். கீழே நிற்கிற தலையும் கம்ப்யூட்டரில் இருக்கிற தலையும் ஒத்துப்போனால் தோண்ட மாட்டார்கள். சூப்பர்வைசர் வைத்திலிங்கம் கீழேயிருந்து ஆபீஸ் போனில் கூப்பிட்டார்.

"இங்க நாப்பது பேர் நிக்கிறாங்க. உங்கிட்ட எத்தினி?"

திரையில் நாற்பத்தொன்று இருந்தது. நிதானமாகவே யோசித்தேன் சார். ஒன்று கூட என்றால் தோண்டுவார்கள். தோண்டினால் வருவான். வந்தால் சீட்டைக் கேட்பான். அவன் வருகையை அழிக்க இந்த முறை தேதியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"நாப்பதுதாங்க."

"நல்லசாமி எங்க?"

"இன்னிக்கு வரலிங்க."

பதினொரு மணிக்கு டோசர் வந்தது. மண்ணுக்கு அடியில் ஆள் இல்லை என்ற தாளில் டைம் ஆபீஸ் சார்பாகக் கையெழுத்துப் போட்டேன். பாதையைச் சமன் செய்தார்கள்.

மறுநாள் அவன் மனைவி ஆதிலட்சுமி வந்து கேட்டாள். மானிட்டரைத் திருப்பிக் காட்டினேன். நாலாம் நாள் வாய்க்கால் வெட்டும்போது அவன் கிடைத்தான். டியூட்டியில் இல்லாதவன் என்பதால் அவளுக்கு நஷ்டஈடு இல்லை. அடுத்த மாதம் எனக்குப் பர்மனென்ட் ஆனது.

மண் அவனை உடனே கொல்லவில்லை, பெரிய பாளம் ஒன்று தலைக்கு மேல் கூரைபோல நின்றிருக்கிறது என்றீர்கள். தெரியும் சார். உங்கள் கையிலிருக்கும் போன் கால் லிஸ்ட் சரியானதுதான். ஒன்பதரைக்கும் பத்தே முக்காலுக்கும் நடுவில் அவன் என் செல்லுக்கு ஏழு முறை அடித்தான். திரையில் பெயர் தெளிவாகத் தெரிந்தது. வேறு யாருக்கும் அவன் அடிக்கவில்லை. அவன் இறங்கியது தெரிந்தவன் நான் ஒருவன்தானே.

அந்த ஏழில் ஒன்றையாவது ஏன் எடுக்கவில்லை என்கிறீர்கள். டியூட்டி நேரத்தில் சொந்த போன் எடுப்பது எனக்குப் பழக்கமில்லை சார்.