மூணு நாள் சோளம்

—அதான் கேக்குறேன்… அந்த முப்பது கோழிய மட்டும் எதுக்குடா தனியா அடைச்ச? புதன்கெழமலேர்ந்து உள்ளயே கெடக்குது.

—சும்மாதான்க்கா. முன் வீட்டு மலாய்க்காரம்மா மாக் சிக் ரொக்கையா கேட்ட கோழி. ஓடித் திரிஞ்சா எடை கொறையும்ல.

—எடை கொறையுமா? அடைச்ச பிறகுதான்டா இளைச்சிருக்கு. தடவிப் பாத்தேன், நெஞ்செலும்பு கையில குத்துது.

—நீ எதுக்கு அதத் தொட்ட?

—என் கோழிய நான் தொடக் கூடாதா? தோட்டத்துத் தொரைகிட்ட பெர்மிட் வாங்கணுமோ?

—கோழி உன்னோடது, தீனி என்னோட டிப்பார்ட்மெண்ட். அப்படித்தான பேசிக்கிட்டோம்?

—பெரிய டிப்பார்ட்மெண்ட்! செங் ஊரு ஃபேக்டரில பெட்டி ஒட்டுறவன், ரெண்டு வீடியோ பாத்துட்டு, சாப்பாட்டு மிச்சத்துல ஈப்புழு வளக்க வந்துட்டான். நாத்தம் தாங்காம பின்பக்க சன்னல சாத்திக்கிட்டுக் கெடக்குறவ நானு.

—அந்தப் புழுவத் தின்னுதான் கோழிங்க இப்படித் தெரண்டு வந்துச்சு. மூட்டைத் தீனி பாதியாக் கொறஞ்சுதா இல்லியா?

—கொறஞ்சுச்சு, நான் இல்லேங்கல. அவ்வளவு நல்ல புழுன்னா அந்தக் கூண்டுக்கு மட்டும் ஏன் நிறுத்துன? வெறும் சோளமும் புண்ணாக்குமா போடுற…

—கடைசி சில நாள் சோளம் போட்டா… கறி நல்லா மஞ்சளா வரும்.

—யாரு சொன்னா?

—வீடியோல.

—கவி… என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

—என்னக்கா நீ, போலீஸ்காரி மாதிரி… முயலுக்கு மரவள்ளி எலை வெட்டுனியா? பச்சையாப் போட்டுடாத. ஒரு நாள் வாடணும்.

—முயல் கத அப்புறம். கோழிக்குச் சீக்கா?

—ஐயோ, இல்ல லா.

—அப்ப புழுவுல ஏதாச்சும்… வெஷமா?

—இல்லக்கா.

—பின்ன எதுக்குடா நிறுத்துன? அதுல என்ன கெட்டுச்சு? சொல்லித் தொலைடா.

—நீ ஏன் இப்படிப் பதறுற? சாயந்தரம் அஞ்சு மணிக்கு அவங்க மகன் வேன் எடுத்துட்டு வருவான். தூக்கிக் குடுத்தா முடிஞ்சுது. விடிஞ்சா அவங்க வீட்டுக் கல்யாணம், கெண்டூரி விருந்து…

—முடிஞ்சுதா? அப்ப இது என்ன?

—எது?

—உன் புழுத் தொட்டில கெடந்துச்சு. குச்சி. இந்தா, இதோட ஜோடி. வாழையெலைச் சாப்பாட்டுக் கடையில மிச்சம் எடுக்குறேன்னுதான சொன்ன? எந்த வாழையெலைக் கடையிலடா குச்சியால சோறு திங்கிறாங்க?

—அத இப்படிக் குடுக்கா.

—கவிநேசா.

—அந்தக் கடைய மூடிட்டாங்கக்கா. போன மாசமே. புழு பட்டினியாக் கெடந்துச்சு… அதான், புக்கிட் காத்தில் பக்கம் ஒரு சீனர் கோப்பிக்கடை… சும்மாவே குடுத்தாங்க. வாளி வாளியா.

—அதுல பன்னிக்கறி இருக்குமே.

—இருக்கும்.

—இருக்குமா, இருந்துச்சா?

—இருந்துச்சுக்கா.

—அடி ஆத்தா… அத புழு தின்னு, புழுவக் கோழி தின்னு… இதுக்கு முன்ன யாருக்காச்சும் வித்தியா?

—இல்லக்கா, சத்தியமா. இந்தத் தடவ வளத்த கோழில இதான் மொதல் விக்கிறது.

—"இந்திரா, வேற எங்கயும் வாங்க மாட்டேன், உன் கோழிதான் வேணும்"னு வாசல்ல வந்து நின்னு கேட்டாங்கடா அந்தம்மா.

—புழு தின்னப்புறம் அது புழுதானக்கா? அதுல பன்னி எங்க இருக்கு?

—அந்தக் கணக்க நீயும் நானும் போட முடியாது. திங்கப் போறது அவங்க, முஸ்லிம் வீடு. தீபாவளிக்கு நான் குடுக்குற முறுக்க என்ன எண்ணெய், எந்தச் சட்டின்னு ஒரு வருஷமாச்சும் கேட்டிருப்பாங்களா? என் கையாலன்னா வாங்கி அப்படியே வாயில போட்டுக்குவாங்க.

—தெரியும்கா. அதனாலதான் எனக்குத் தூக்கமே இல்ல. மொதல்ல நான் யோசிக்கவே இல்ல. நீ ஆர்டர் வாங்கிட்டு வந்து சொன்னப்பதான் திக்குனு ஆச்சு.

—ஆனாலும் வாயத் தொறக்கல.

—ஃபேக்டரி லைன்ல கூட நிக்கிற ஹஃபீஸ்கிட்ட கேட்டேன். எனக்குன்னு சொல்லல, ஒரு கூட்டாளிக்குன்னு…

—பெரிய கூட்டாளி!

—கேளுக்கா. அசுத்தத்தத் தின்ன கோழின்னா, மூணு நாள் அடைச்சு வச்சு, சுத்தமான தீனி மட்டும் போடணும், அப்புறம் அறுக்கலாம்னு அவங்க மதம் சொல்லிக் குடுக்குற உஸ்தாஸ் சொல்லக் கேட்டிருக்கானாம். அதான் புதன்கெழம காலையிலயே அடைச்சேன். சோளம், சோயா, செம்பனைப் புண்ணாக்கு. வேற எதுவும் உள்ள போகல. மூணு நாள் முழுசா முடிஞ்சிருச்சு.

—மாக் சிக்கிட்ட சொன்னியா?

—எதுக்குச் சொல்லணும்? அதான் சரி பண்ணிட்டேனே. கல்யாண வீட்டுல போய் இதச் சொல்லி…

—அது சரியாச்சா இல்லியான்னு அவங்கதான்டா சொல்லணும்.

—சொன்னா இனிமே இந்தக் கம்போங்ல எந்த வீட்டுலக்கா நம்மகிட்ட வாங்குவாங்க? நம்மளையும் சேத்து ஒதுக்கிடுவாங்க.

—அந்த மூணு நாளும்… சுத்தமா இருக்கணுமோ?

—ஆமா.

—நடுவுல ஒருவேள… தெரியாம… ஒரு வாய் வேற எதாச்சும் தின்னுட்டா?

—மறுபடி மொதல்லேர்ந்துதான். ஆனா அதுக்கு வழியே இல்ல. ஷிஃப்டுக்குக் கெளம்புறதுக்கு முன்ன பூட்டிட்டு, சாவிய எடுத்துக்கிட்டுத்தான் போறேன்.

—கம்பி வழியாக் கை போகும்டா.

—யாரு கை? …அக்கா?

—மணி என்ன?

—நாலரை. என்னன்னு சொல்லுக்கா, பயமா இருக்கு.

—எந்திரி. சட்டையப் போடு. வேன் வர்றதுக்குள்ள மாக் சிக் வீட்டுக்குப் போகணும். நீ செஞ்சத நீ சொல்லு, நான் செஞ்சத நான் சொல்றேன்.

—நீ என்ன செஞ்ச?

—கல்யாணத்துக்கு எலும்பும் தோலுமாக் குடுத்தா அவங்க மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னு… நீ வேலைக்குப் போனதும் தெனமும் ரெண்டு கை புழு அள்ளிப் போட்டேன்டா. இன்னிக்குக் காலையிலயும்.