பெரிய பங்குதாரர்

— எழுந்திரு அக்கா, நாற்காலிய அடுக்க ஆளு வந்துட்டாங்க. பங்குதாரர் கூட்டம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பியாச்சு.

— அடுக்கட்டும். இந்தக் கம்பெனில பத்து பங்கு வெச்சிருக்கேன், ஒரு நாற்காலில கொஞ்ச நேரம் உக்காரக் கூடாதா?

— உன்கூடப் பொறந்த பாவத்துக்கு எங்க மேனேஜர் என்னை முறைக்கிறாரு. இங்க வேலை பாக்குறவன் அக்காவே கம்பெனிக்கு எதிரா தீர்மானம் கொண்டுவந்தா?

— எதிராவாடா? பல்லு முளைக்கிற குழந்தை கடிக்கிற வளையம், மெத்துன்னு இருக்கணும்னு அதுல விஷத்தக் கலக்குறாங்க. அந்தப் பிளாஸ்டிக்க உங்க கடைங்கள்ல விக்காதீங்கன்னேன். இது ஒரு குத்தமா?

— குத்தம்னு யாரு சொன்னா? நீ பேசுறப்ப மண்டபமே கம்முன்னு கேட்டுச்சு.

— கேட்டு? நல்லா கையத் தட்டிட்டுத் தோக்கடிச்சிட்டானுங்க. முப்பது வருஷம் பச்சப்புள்ளைங்க வார்டுல நர்சா கெடந்தவடா நான். இத்துனூண்டு உசுர உள்ளங்கையில வெச்சுக் காப்பாத்தி அனுப்புவோம். வீட்டுக்குப் போனா அது வாயில இதத் திணிக்கிறாங்க. வயிறு எரியுதுடா.

— விடுக்கா. ஓட்ட எண்ணினவன் சொல்றேன், இங்க வந்தவங்க முக்காவாசிப் பேரு உன் பக்கம்தான். ஆனா ஓட்டு ஆளுக்கு இல்ல, பங்குக்கு ஒண்ணு. ஒரே ஒரு பெரிய பங்குதாரர் எதிரா போட்டாங்க, கதை முடிஞ்சுபோச்சு.

— எந்தப் புண்ணியவான்? பேரச் சொல்லு. நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்.

— வேணாம்கா. வீட்டுக்குப் போலாம்.

— சொல்லப் போறியா இல்லியா?

— நர்சுங்க ஓய்வூதிய நிதி.

— என்னடா சொல்றே? எங்க நிதியா?

— உங்களுதுதான். உங்க பென்ஷன் பணத்துல பாதிய எங்க கம்பெனிலதான் போட்டு வெச்சிருக்காங்க.

— அடப்பாவிங்களா! எங்களக் கேக்காம எப்படிடா ஓட்டு போடுவாங்க?

— கேட்டாங்கக்கா. கம்பெனி நிர்வாகம் எந்தப் பக்கம் சொல்லுதோ அந்தப் பக்கமே எப்பவும் போட்டுக்கலாம்னு உங்க சங்கக் கூட்டத்துல எல்லாரும் கை தூக்கியிருக்கீங்க. ஏன்கா, ஞாபகம் இல்லியா?

— இருக்கு.

— அப்ப ஒருத்தர்கூட என்ன ஏதுன்னு கேக்கலியா?

— ரெண்டு பேரு கேட்டாளுங்க. சாப்பாடு ஆறுது, பேசாம கையத் தூக்குங்கடின்னு அவளுங்க வாய அடைச்சதே நான்தான்டா.