ஜெபிக்காத நாளில் வந்த பஸ்

“படு! கீழ படுடா சாம்!”

தேவராஜின் குரல். விழுகிறேன். சிமெண்ட் தரை. வாயெல்லாம் மண். முதலில் ஒரு சீறல், கோடித் துணியைக் கிழிப்பதுபோல. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் கொடுமை. அடுத்த சத்தம் காதில் கேட்கவில்லை. நெஞ்சில் இடித்தது. கொட்டகையின் தகரக் கூரை மேலே போகிறது. கீழே வருகிறது. அடுக்கி வைத்திருந்த டைல்ஸ் பெட்டிகள் சரிகின்றன. சரசரவென்று. நிற்காமல்.

தலையைத் தூக்கினேன். எங்களுக்குச் சமைத்துப் போட்ட பீகார்க்காரர் அன்வர் இரும்பு கேட்டின்மேல் சாய்ந்திருந்தார். அசையவில்லை. தேவராஜ் உட்கார்ந்திருந்தான். என்னைப் படுக்கச் சொன்னவன், தான் படுக்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தான். விரல்களுக்கு நடுவே சிவப்பு. கீழே விழுந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சூடான் நாடு. கார்ட்டூமின் வடபகுதி. 2023 ஏப்ரல். நோன்புப் பெருநாள் முடிந்த வாரம். காலை. நாங்கள் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம்.

என் பெயர் சாமுவேல். ஊர் விருத்தாசலம். செராமிக் எஸ்டேட்டில் சூளை வேலை. ஃபியூஸ் கட்டை சுட்டிருக்கிறேன், பொம்மை சுட்டிருக்கிறேன். தேவராஜும் அதே எஸ்டேட், அதே தெரு, அதே சபை. அவன்தான் முதலில் சூடானுக்குப் போனான். டைல்ஸ் கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள் என்று என்னையும் கூப்பிட்டான். போனேன்.

சண்டை தொடங்கியது ஒரு சனிக்கிழமை. நோன்பு மாதம். கரண்ட் போனது. தண்ணீர் போனது. எரிந்துகொண்டிருந்த சூளை நின்றது. உள்ளே இருந்த டைல்ஸ், ஆற ஆற ஒவ்வொன்றாக விரிசல் விட்டது. டிக். டிக். வெளியே துப்பாக்கி. உள்ளே இது. எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒவ்வொன்றுக்கும் பதறினோம்.

தங்கும் அறையில் ஜெபத்தை நடத்துபவன் தேவராஜ். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அவன் ஜெபிப்பான், நான் ஆமென் சொல்வேன். இருப்பதா, கிளம்புவதா? இது ஒன்றுதான் கேள்வி. வழியைக் காட்டும் ஆண்டவரே என்று முழங்காலில் நின்றோம்.

முதல் தடவை கம்பெனி வேன். மனதில் சமாதானம் இருக்கிறது, அதுதான் ஆண்டவர் காட்டும் அடையாளம், போகலாம் என்றான் தேவராஜ். பாலத்துக்கு முன்னால் சுட ஆரம்பித்தார்கள். டிரைவர் வண்டியைத் திருப்பிவிட்டார். “ஆண்டவர் தடுத்துட்டாரு. தாண்டியிருந்தா செத்துருப்போம்,” என்றான். நம்பினேன்.

இரண்டாம் தடவை ஒரு பழைய பிக்கப். மறுபடியும் ஜெபம். மறுபடியும் சமாதானம். சந்தையைத் தாண்டியதும் துப்பாக்கிக்காரர்கள் மறித்தார்கள். போன்களைப் பிடுங்கினார்கள். வண்டியைப் பிடுங்கினார்கள். வெயிலில் நடந்தே திரும்பினோம். “உயிரோட வுட்டாங்கல்ல,” என்றான். அதையும் நம்பப் பார்த்தேன். பாதிதான் முடிந்தது.

மூன்றாம் தடவை இந்தியர்களுக்கென்று பஸ் வருவதாகக் கம்பெனியிலிருந்து தகவல். கேட்டருகே வந்து நில்லுங்கள் என்றார்கள். கைகோத்து ஜெபித்தோம். அன்வர் தள்ளி நின்று தன் தொழுகையை முடித்தார். பையைத் தூக்கினோம்.

அதன் பிறகுதான் அந்தச் சீறல்.

தேவராஜ் உடனே சாகவில்லை. இதை எழுத நான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன். காலையில் அடிபட்டவன் பிற்பகல் வரை இருந்தான். காவலாளி ஹமீத், உள்ளூர்க்காரர், வயதானவர், வண்டி தேடி ஓடினார். வண்டி இல்லை. ஆஸ்பத்திரி மூடிக் கிடக்கிறது என்று சைகை காட்டினார். நான் துணியை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். துணி நனைந்தது. வேறு துணி. அதுவும் நனைந்தது.

தேவராஜ் இந்தமுறை விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஆண்டவர் தடுத்தார் என்றோ சோதிக்கிறார் என்றோ சொல்லவில்லை. ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

“பயமா இருக்குடா சாம். கைய வுடாத.”

விடவில்லை. அவன் பிடி தளர்ந்த பிறகும் விடவில்லை.

களிமண் குவியலுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அந்த ஊரிலும் வேப்பமரம் இருக்கிறது. ஹமீத் அங்கே குழி வெட்டினார். அன்வருக்கும் தேவராஜுக்கும் பக்கத்துப் பக்கத்தில். நான் மண் தள்ளினேன். ஜெபம் செய்ய வாயைத் திறந்தேன். வரவில்லை. ஒரு வார்த்தைகூட வரவில்லை. ஹமீத் என்னைப் பார்த்தார். கைகளை ஏந்தினார். தன் மொழியில், இருவருக்கும் சேர்த்து, அவரே வேண்டினார்.

மறுநாள் நான் ஜெபிக்கவில்லை. முழங்காலில் நிற்கவில்லை. வழி கேட்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

அன்று பஸ் வந்தது.

பாலைவனத்தில் நீண்ட பயணம். துறைமுகம். கப்பல். துறைமுகத்தில் யாரோ கொடுத்த போனில் பாஸ்டரைக் கூப்பிட்டேன். தேவராஜின் மனைவி கலாவிடம் நேராகச் சொல்ல என்னால் முடியவில்லை. நடந்ததை எல்லாம் பாஸ்டர் கேட்டுக்கொண்டார். பிறகு, “தம்பி, கலா கேட்டா உடனே உயிர் போயிடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் அந்தப் பொண்ணு தாங்காது,” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

விருத்தாசலத்துக்கு வந்தேன். முதல் ஞாயிறே சபையில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். சாட்சி சொல்ல வேண்டும். எங்கள் சபையில் சாட்சி என்றால் அதற்கு ஒரு வடிவம் உண்டு. ஆபத்து வந்தது, கூப்பிட்டேன், ஆண்டவர் காப்பாற்றினார். “ஆண்டவர் என்னை...” என்று தொடங்கினேன். கடைசி வரிசைப் பாயில் கலா. மடியில் நான்கு வயது மகள் ஷைனி. வார்த்தை நின்றது. அழுகை வந்தது. ஜனங்கள் அதை நன்றிக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள். “ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!” கூரைத் தகரம் அதிர்ந்தது. கலா மட்டும் சத்தமில்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபையின் அறுவடைத் திருநாளான அறுப்பின் பண்டிகையில் மறுபடி கூப்பிட்டார்கள். மைக் வரை போனேன். திரும்பி வெளியே நடந்தேன். மணிமுத்தாற்றுப் பாலத்தில் போய் நின்றேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. அதற்குப் பிறகு சபைக்குப் போகவில்லை.

வீட்டிலாவது ஜெபிக்கலாம் என்று பார்த்தேன். கண்ணை மூடினால் அந்த கேட். ஒரு வாரம் விடாமல் பிடிப்பேன். விட்டுவிடுவேன். மறுபடி தொடங்குவேன். மறுபடி விழுவேன். என் மனைவி ரூத் ஒன்றும் கேட்பதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

எஸ்டேட்டில் பழைய வேலைக்கே சேர்ந்தேன். ஒருநாள் மதியம், சுடும்போது வெடித்த பீங்கான்களை வண்டியோடு கொட்டினார்கள். சரசரவென்று. “படு! படு!” என்று கத்திக்கொண்டு தரையில் விழுந்தேன். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. சிரிப்பு நின்றது.

பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அவரிடம் கேட்டேன். “மூணு தடவ வழி கேட்டோம் பாஸ்டர். மூணு தடவையும் காட்டிட்டாருன்னு நெனச்சோம். கேக்காத அன்னைக்கு பஸ்ஸு வருது. கண்ண மூடுனா அந்த கேட்டுதான் வருது. நான் எத நம்பணும்?”

அவர் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார்.

“தெரியல தம்பி. இருபது வருஷமா பிரசங்கம் பண்றேன். இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. வசனம் சொல்லி உங்கள அனுப்பிட மனசு வரல. கண்ணத் தொறந்துகிட்டே ஜெபம் பண்ணுங்க. அது தப்பில்ல. வராம மட்டும் இருந்துடாதீங்க.”

போய்விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் பொய் சொல்லாமல் போனார். அது மனதில் தங்கியது.

அடுத்த மே மாதம் கலா வந்தாள். ஷைனியை ரூத்திடம் விட்டுவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். கலா ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு சபைக்கு வந்தவள். அவள் வீட்டார் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள்.

“எங்கண்ணன் வந்து கூப்புடுறாருண்ணே. ஊருக்கே வந்துடு, அந்தச் சபைய வுட்டுடுன்றாரு. போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அவரு எப்படிண்ணே செத்தாரு?”

“உடனே உயிர் போ...”

“அது பாஸ்டர் சொன்னது. நீங்க சொல்லுங்க.”

சொன்னேன். எல்லாவற்றையும். வயிறு. துணி. ஹமீத். வேப்பமரம். பயமாக இருக்கிறது என்று அவன் சொன்னதையும் சொன்னேன். அவள் நொறுங்கிவிடுவாள் என்று நினைத்தேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்தாள்.

“பயந்தாரா,” என்றாள். “அப்ப அவருதான். கரண்ட் போனாகூட என்னக் கூப்புடுவாருண்ணே. சபையில எல்லாரும் சிரிச்சுகிட்டே ஆண்டவர்கிட்ட போயிருப்பாருன்னு சொல்றாங்க. யாரோ எனக்குத் தெரியாத ஆளப் பத்திச் சொல்ற மாதிரி இருந்துச்சு. கைய நீங்க புடிச்சிருந்தீங்களா?”

“கடைசி வரைக்கும்.”

தலையசைத்தாள். அப்போது நான் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். ஜெபிக்காத நாளில் பஸ் வந்ததை. அன்றைக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதை.

கலா நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் கேட்டேனேண்ணே.”

எனக்குப் புரியவில்லை.

“போன் வரல. ரெண்டு பேரு சேதியும் தெரியல. அன்னைக்கும் நாள் பூரா முட்டி போட்டுகிட்டு கெடந்தேன். உங்க ரெண்டு பேருக்கும் சேத்துதான். அவரு மண்ணுக்குள்ள போயிட்டாருன்னு எனக்குத் தெரியாது.” முந்தானையால் மறுபடி முகத்தைத் துடைத்தாள். “அவருக்குக் கேட்டது எங்க போச்சுன்னு தெரியல. அது உங்களுக்கு வந்திருந்தா வந்ததாவே இருக்கட்டும். நான் திருப்பிக் கேக்க மாட்டேன்.”

அது ஆறுதல் இல்லை. கடிந்துகொண்டதும் இல்லை. போரிலிருந்து திரும்பிய பிறகு எனக்குள்ளே போய்ச் சேர்ந்த முதல் வார்த்தை அதுதான். நான் ஜெபிக்காத நாளில் நான் தனியாக இல்லை. கணவனை இழந்தது தெரியாத ஒரு பெண் என்னைச் சுமந்துகொண்டிருந்தாள். பதில் இன்னும் இல்லை. ஆனால் அன்று எனக்கு ஒரு திசை கிடைத்தது. வழி காட்டுதல் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தது வேறு. கிடைத்தது இது.

கிளம்பும்போது வாசலில் நின்றாள். “சபையில இத அப்படியே சொல்லுங்கண்ணே. அவர் பேரச் சொல்லுங்க. பயந்தாருன்னும் சொல்லுங்க. நான் வரேன்.”

கலா ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போனாள். சொன்ன ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்தாள். அவளுடைய அண்ணனும் வந்திருந்தார். உள்ளே வரவில்லை. செருப்பு விடும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மைக்கை வாங்கினேன். காப்பாற்றினார் என்று தொடங்கவில்லை. “தேவராஜ் பிற்பகல் வரைக்கும் உயிரோட இருந்தான்,” என்று தொடங்கினேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஒருவர் எழுந்து வெளியே போனார். இது சாட்சியா என்று முணுமுணுத்தார் இன்னொருவர். பாஸ்டர் தரையில் மண்டியிட்டார். கண்களைத் திறந்தபடி. முடிக்கும் வரை நான் கலாவைப் பார்த்தே பேசினேன்.

அங்கே சொன்ன இழப்புக் கணக்கை இங்கேயும் சொல்லி முடிக்கிறேன்.

தேவராஜ். வயது முப்பத்து மூன்று. சூளைத் தீயின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்வான். இருட்டுக்குப் பயப்படுவான். களிமண் குவியலுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் இருக்கிறான். அவனைக் கொண்டுவர முடியவில்லை.

அன்வர். ஊர் பீகாரில் எங்கோ. எனக்குச் சரியாகத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டேன். பருப்பில் பூண்டு நிறையப் போடுவார். அவர் வீட்டாருக்கு யார் சொன்னார்கள் என்றும் தெரியாது.

ஷைனிக்கு அப்பா. சந்தைக்கு அப்பால் பிடுங்கப்பட்ட, அவன் குரல் இருந்த போன். கலாவுக்குச் சொந்த வீடு என்று இருந்த இடம். சபையில் அவள் உட்காரும் பாய் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறுதான் விரிகிறது.

ஹமீதின் மகன். சண்டை தொடங்கிய அன்று ரொட்டி வாங்கப் போனவன். குழி வெட்டி முடித்தபின் சைகையில் கேட்டேன், செத்துவிட்டானா என்று. ஹமீத் மண்வெட்டியைக் கீழே போட்டார். இல்லை, இல்லை என்று வேகமாகத் தலையாட்டினார். காணவில்லை. அவ்வளவுதான். தினமும் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

என் விசுவாசமும் போய்விட்டதா என்று சிலர் கேட்கிறார்கள். அதை நான் இறந்தவர்களோடு சேர்க்கவில்லை. காணவில்லை. தெருமுனை வரை தினமும் போய்ப் பார்க்கிறேன்.